அப்பாவின் அம்பாசிடருக்கு வேறு எஞ்சின்: மாற்றிவிட்டுச் சொன்னால் போதுமா?

கேள்வி: அப்பா 1994-ல் வாங்கிய அம்பாசிடர் நோவா டீசல் கார் எங்களிடம் இருக்கிறது. போன வருடம் அப்பா காலமாகிவிட்டார். ஆர்சி அவர் பெயரில்தான் உள்ளது, 2029 வரை புதுப்பித்திருக்கிறார். 1,489 சிசி எஞ்சின் இப்போது புகை தள்ளுகிறது, மேடு ஏறத் திணறுகிறது. உடைக்கப்பட்ட ஒரு அம்பாசிடரின் 2 லிட்டர் இசுசு டீசல் எஞ்சின், கியர் பாக்ஸோடு காயலான் கடையில் இருக்கிறது, போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். "மாத்திட்டு 14 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல சொன்னா போதும், சட்டமே அப்படித்தான்" என்றும் சொல்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அப்பாவின் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. அது நடக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இப்போது அந்தக் கார் ஆவணப்படி உங்களுடையது அல்ல. எஞ்சின் மாற்ற அனுமதி கேட்டு விண்ணப்பிக்க உரிமையாளரால்தான் முடியும்.

உரிமையாளர் இறந்தால், வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். அந்தக் கெடு தாண்டிவிட்டது. அதனால் வண்டி கைவிட்டுப் போய்விடாது, தாமதத்துக்கு ஒரு தொகை கட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். இறப்புச் சான்றிதழும் தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும். அம்மாவும் உடன்பிறந்தவர்களும் இருந்தால், வண்டி உங்கள் பெயருக்கு வருவதில் ஆட்சேபனை இல்லை என்று அவர்களிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸையும் கையோடு பாருங்கள். பாலிசிதாரர் இறந்துவிட்டால் வழக்கமான மோட்டார் பாலிசி மூன்று மாதம் வரையோ, காலாவதி தேதி வரையோ, எது முந்தியதோ அதுவரைதான் வாரிசுக்குச் செல்லும். புதுப் பாலிசி இல்லாமல் காரைத் தெருவுக்கே எடுக்காதீர்கள்.

இனி அந்த 14 நாள் விஷயம். உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. அதன் முதல் உட்பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இரண்டாவது உட்பிரிவு ஒரு சலுகை. குறைந்தது பத்துப் போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவர்களுக்கு, அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை முன் அனுமதியின்றி மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிக்கை மூலம் இடம் கொடுக்கலாம். இது பஸ், லாரி முதலாளிகளுக்கானது. 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மூன்றாவது உட்பிரிவில் வருகிறது. அது தகவல் சொல்லும் கடமை. முதல் உட்பிரிவு தடுத்த மாற்றத்தை அது சரியாக்கிவிடாது. நம் ஊர்ப் பட்டறைகளில் இந்த மூன்றாவது உட்பிரிவை மட்டும் தனியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அதை நம்பி எஞ்சினை ஏற்றிவிட்டு எஃப்சிக்குப் போய் நிற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிப்படுத்தியது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்சி பதிவுகளைத் திருத்த முடியாது, விதிகள் சட்டத்துக்கு உட்பட்டவைதான் என்றது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பொறுப்பு உரிமையாளருக்கு, அதாவது உங்களுக்கு.

"அந்த இசுசு எஞ்சினும் அம்பாசிடரில் கம்பெனியே போட்டு விற்றதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான வாதம்தான், எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் உங்கள் வண்டிக்கு உற்பத்தியாளர் குறித்தது 1,489 சிசி. புது எஞ்சின் 1,995 சிசி. அம்பாசிடரில் வந்த எஞ்சின் என்பதாலேயே உங்கள் அம்பாசிடருக்கு அது உரியதாகிவிடாது. மறுப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. எழுத்துப்பூர்வமாக மறுத்தால், ஆணை கிடைத்த 30 நாளுக்குள் 57-வது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். கவுன்டரில் வாயால் சொல்லும் "முடியாது"க்கு மேல்முறையீடு கிடையாது. "சரி, பண்ணிக்கோங்க" என்று சொன்னால் அதையும் நம்பக் கூடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், இருக்கிற எஞ்சினையே இறக்கி முழு வேலை பார்ப்பேன். ரீபோர், ஸ்லீவ், பிஸ்டன், பம்ப் வேலை எதற்கும் அனுமதி தேவையில்லை. எண் பொறித்த பிளாக், அதாவது எஞ்சினின் உடல் பகுதி, மாறாதவரை ஆர்சியும் மாறாது. பிளாக்கே வெடித்திருந்தால், அதே வகை 1,489 சிசி டீசல் எஞ்சினைத் தேடுங்கள். அப்போது எஞ்சின் எண் மட்டும்தான் மாறும். முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கி, மாற்றியபின் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி, ஆர்சியில் புது எண்ணை ஏற்றிக்கொள்ளலாம்.

எந்தப் பழைய எஞ்சின் வாங்கினாலும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும். எஞ்சின் எண் போட்ட பில், அந்த வண்டியின் ஆர்சி ரத்தான சான்று, விற்பவரின் அடையாள நகல், மூன்றையும் கேளுங்கள். எண்ணை உரசி அழித்திருந்தாலோ, மறுபடி குத்தியதுபோல் தெரிந்தாலோ பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. என்னிடம் வந்த ஒருவர் பில் இல்லாமல் வாங்கிய எஞ்சினால் தன் ஜீப்பையே காவல் நிலைய வாசலில் பல மாதம் வெயிலில் விட்டுவைக்க நேர்ந்தது. அவர் திருடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதை நிரூபிக்க அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

சிஎன்ஜி, மின்சாரம் பக்கம் மனம் போனால், 52-வது பிரிவே கன்வெர்ஷன் கிட்டுக்கு, அதாவது வண்டியை வேறு எரிபொருளில் ஓட வைக்கப் பொருத்தும் சாதனத் தொகுப்புக்கு, வழி விடுகிறது. ஆனால் உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்தும் என்று ஒப்புதல் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, நம் ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற பரிசோதனை நிறுவனங்கள் தரும் சான்றிதழை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

எஞ்சின் எண் மாறினால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்துப் பாலிசியில் திருத்தம் வாங்குங்கள். ஆர்சியில் ஓர் எண், பிளாக்கில் வேறு எண் இருக்கும்போது விபத்து நடந்தால், உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை நிராகரிக்க அவர்களுக்கு அதுவே காரணமாகிவிடும்.

அப்புறம், எந்த முடிவு எடுத்தாலும் பழைய பிளாக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்சியில் புது எண் ஏறும்வரை, அப்பாவின் ஆர்சியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போவது அது ஒன்றுதான். எண் தெரியும்படி படம் எடுத்து, எண் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்டும் எடுத்து, வீட்டுக் கொட்டகையிலேயே வைத்திருங்கள்.