ஐனோ யாருடைய பெயர்?

கேள்வி: பின்லாந்தில், எஸ்போவில் இருக்கிறோம். கணவர் அந்த ஊர்க்காரர். மகள் பிறந்து பத்து வாரம் ஆகிறது. ‘ஐனோ’ என்று பெயர் வைக்கச் சொல்கிறார் மாமியார். அவருடைய அம்மா பெயராம். ‘ஒரே ஒருத்தி’ என்று அர்த்தம். பின்லாந்துக் காவியமான காலெவாலாவில் ஐனோ தண்ணீரில் மூழ்கிச் சாகிறாள். ‘ஒற்றைப் பிள்ளையோடு நின்றுவிடும், அபசகுனம்’ என்கிறார் ஊரில் என் அம்மா. வைக்கலாமா?

பதில்: “அவருடைய அம்மா பெயராம்.” அந்த ‘ஆம்’தான் என்னை உறுத்துகிறது. அர்த்தத்தைத் தேடினீர்கள், கதையைத் தேடினீர்கள். பக்கத்தில் இருக்கும் மாமியாரிடம் “உங்க அம்மா எப்படிப்பட்டவங்க?” என்று கேட்க மட்டும் உங்களுக்கு நேரமில்லை. தப்பம்மா. பாட்டி பெயரைத் தாங்குபவள் என்பதால்தான் நாம் பெயர்த்தி என்றோம். அது பேத்தி ஆனது. அவர் கேட்பதும் அதைத்தான்.

உங்கள் அம்மாவின் பயத்துக்கு வருவோம். பழைய ஃபின்னிஷ் நாட்டுப்பாடல்களில் ‘ஐனோ’ பெயரே அல்ல. ‘ஒரே மகள்’, ‘ஒரே தங்கை’ என்று செல்லமாகச் சொல்லும்போது முன்னால் வரும் அடைமொழி. எலியாஸ் லொன்ரோட் அந்தப் பாடல்களைத் தொகுத்துக் காலெவாலாவை உருவாக்கியபோதுதான் (1835, விரிந்த பதிப்பு 1849) அது ஒரு பெண்ணின் பெயரானது. இசையமைப்பாளர் சிபெலியுஸின் மனைவி பெயரும் ஐனோதான். அவருக்குப் பிறந்தவர்கள் ஆறு பெண்கள்! 97 வயது வரை வாழ்ந்தார். யார்வென்பாவில் அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கே ‘ஐனோலா’ என்று பெயர். இதை அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

கதையையும் முழுதாகச் சொல்லுங்கள். பாட்டுப் போட்டியில் தோற்ற அண்ணன், தன் உயிர் தப்ப, தங்கையைக் கிழவன் வைனமோய்னனுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுக்கிறான். பெற்ற தாயோ நல்ல சம்பந்தம் என்று பூரிக்கிறாள். அந்தப் பெண்ணின் மனதை யாரும் கேட்கவில்லை. அவள் போன பிறகு தாய் அழுத கண்ணீர் மூன்று ஆறாக ஓடுகிறது. மகளை மனமில்லாத இடத்தில் தள்ளாதீர்கள் என்று மற்றத் தாய்மாரிடம் புலம்புகிறாள். இதில் பெயரின் குற்றம் எங்கே இருக்கிறது?

இனி ஆக வேண்டியது. குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் பெயரைப் பதிய வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம்தான் மிச்சம். அங்கே நான்கு முதற்பெயர் வரை வைக்கலாம். இரண்டாவதாக உங்கள் அம்மாவின் பெயரை எழுதுங்கள். அது அந்த நாட்டில் வழங்காத பெயர் என்று கேள்வி வந்தால், குடும்பத் தொடர்பைக் காரணமாகக் காட்டலாம். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. உங்கள் பாஸ்போர்ட்டில் அம்மாவின் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையே எழுதுங்கள்; ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைய வேண்டிவரும். பெயரோடு தாய்மொழியையும் கேட்பார்கள். ஒன்றைத்தான் குறிக்கலாம். கணவரோடு பேசி முடிவெடுத்து எழுதுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையை மாமியார் மடியில் கொடுத்துவிட்டு, அவர் அம்மாவின் புகைப்படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.