மார்க் வந்தா போதாதா?

கேள்வி: பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்குறா, பிசிக்ஸ்ல நல்ல மார்க். மதியத்துக்கு மேல கடல் காத்து ஏன் வருதுன்னு தம்பி கேட்டதுக்கு 'அது போர்ஷன்ல இல்ல'ன்னுட்டா. மார்க் வருதே, போதாதா? இல்ல டியூஷனை மாத்தணுமா?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: போதாதும்மா. அது அவ போர்ஷன்லயேதான் இருக்கு, அதுதான் எனக்கு வருத்தம். தன் வெப்ப ஏற்புத்திறன்னு, அதாவது ஒரு கிலோ பொருள ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேணும்னு, ஒரு வரையறைய தலைகீழா ஒப்பிச்சு ரெண்டு மார்க் வாங்கியிருப்பா. ஒரு கிலோ தண்ணிய ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ மணலுக்கு ஆகுறத விட கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு வெப்பம் வேணும், அதனாலதான் வெயில் ஏற ஏற தரை சீக்கிரம் கொதிச்சுடுது, கடல் மெதுவாதான் சூடாகுது, தரை மேல இருக்குற காத்து லேசாகி மேல போக, கடல் மேல இருக்குற குளிர்ந்த காத்து அந்த இடத்துக்கு உள்ள வருது. மெரினால நாம வாங்குற காத்து இதுதான். இதோட நிக்காம இன்னொரு கேள்வி கேளுங்க, மே மாசம் சில நாள் காத்து ஏன் லேட்டா வருது? மேற்கு காத்து பலமா அடிச்சா கடல் காத்த உள்ள விடாது, அன்னிக்கு வெயில் 40 டிகிரிய தாண்டிடும். மீனம்பாக்கம் கடல்ல இருந்து இன்னும் தள்ளி இருக்கு, காத்து போய்ச் சேர நேரமாகும், அதான் கோடைல பல நாள் நுங்கம்பாக்கத்த விட அங்க வெயில் ஜாஸ்தி. ஒரே ஒரு வரையறைக்குள்ள இவ்வளவு இருக்கு!

பொண்ண திட்டாதீங்க, அவ மேல தப்பே இல்ல. வரையறைய கேட்டு மார்க் போடுறோம், அதத்தான் அவ படிக்குறா. ஆனா நீட்லயும் ஜேஇஇலயும் அதே விஷயத்த வேற மாதிரி திருப்பிக் கேட்பாங்க, ஒப்பிச்சது அங்க கை கொடுக்காது.

டியூஷனை மாத்த வேணாம், வாரத்துல ஒரு சாயங்காலத்த மட்டும் ஃப்ரீயா விடுங்க. மொட்டை மாடில ஒரே அளவு பாத்திரம் ரெண்டு வெச்சு, ஒண்ணுல மணல், ஒண்ணுல தண்ணி, ஒரே எடை, ஒரு மணி நேரம் வெயில்ல விட்டு தொட்டுப் பாக்கட்டும், தம்பியும் கூட இருக்கட்டும். அதுக்கப்புறம் வர்ற சந்தேகத்துக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் கூட்டிட்டுப் போங்க, 2010ல திறந்தது, குழந்தைங்களுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு. பக்கத்துலயே பிர்லா கோளரங்கம், அதையும் சேர்த்துப் பாத்துட்டு வாங்க.