விட்ஸ் காருக்குச் சொந்தமாக டூல்ஸ் வாங்க வேண்டும்: ஸ்னாப்-ஓன், ஸ்டான்லி, டபாரியா, இங்கோ, எதை எடுப்பது?

கேட்டவர் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறார். கையில் 2008 டொயோட்டா விட்ஸ். ஒயில், பிளக், பிரேக் பாட் மாற்றுவது போன்ற வேலைகளைத் தானே செய்யப் பார்க்கிறார். நான் பாலையூற்றுக்காரன். கராஜ் வைத்திருப்பவன் இல்லை, ஆனால் எங்கள் வீட்டு வாகனங்களும் மச்சான்மாருடைய வாகனங்களும் என் கையால்தான் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இருப்பதைக் காப்பாற்றத்தானே வேண்டியிருந்தது. 2025இல் திறந்துவிட்டார்கள், ஆனால் விலையைக் கேட்டுவிட்டு மறுபடி பழைய வாகனத்தின் பொனெட்டைத் திறந்தவர்கள்தான் அதிகம்.

முதலில் ஸ்னாப்-ஓனைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். 1920இல் தொடங்கிய அமெரிக்கக் கம்பனி, சாமான் திறம், அதில் பேச்சில்லை. ஆனால் அந்த விலைக்குள் ஒரு வானும் இருக்கிறது. அங்கே விற்பனையாளர் வானை நேரே கராஜுக்குக் கொண்டுவருவார், தவணைக்குக் கொடுப்பார், உடைந்ததை மாற்றித் தருவார். நாள் முழுக்க ஸ்பனர் பிடிக்கிறவனுக்கு அது கட்டும். அநுராதபுரச் சந்தியில் அந்த வான் வந்து நிற்கப் போவதில்லை. எந்த பிராண்டிலும் ‘ஆயுட்கால உத்தரவாதம்’ என்று பெட்டியில் பார்த்தால் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: உடைந்தால் இதே மேசையில் மாற்றித் தருவீர்களா? “கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கலாம்” என்று இழுத்தால் உத்தரவாதம் இல்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பெயரை மட்டும் வைத்து எடை போடுவதும் சரிவராது. ஸ்டான்லி, ஃபாகொம், மாக் டூல்ஸ் மூன்றும் ஒரே முதலாளியுடையவை, 2017இல் கிராஃப்ட்ஸ்மனையும் சேர்த்து வாங்கிவிட்டார்கள். பாஹ்கோ இப்போது ஸ்னாப்-ஓன் குடும்பம். ஒரே பெயரில் திறமான ரகமும் வரும், வீட்டுக்குப் படம் மாட்டுகிற ரகமும் வரும்.

பிராண்டை விட அளவுதான் உங்களுக்கு முக்கியம். விட்ஸ் ஜப்பான் வாகனம். அதில் கை போகிற இடமெல்லாம் 10, 12, 14 மில்லிமீற்றர் தலைதான். 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள போல்ட்டுக்கு ஜப்பான்காரன் 12 தலை வைப்பான், ஜெர்மன்காரன் 13 வைப்பான். அதனால்தான் ஐரோப்பியக் கணக்கில் கட்டிய செட்டில் 13 பளபளவென்று இருக்கும், 12 அல்லது 14 சிலவேளை இருக்கவே இருக்காது. பெட்டியில் 108 துண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் நிறைய சின்னச் சின்ன ட்ரைவர் பிட். சக்கர நட்டுக்கு 21, ஒயில் வடிக்கிற போல்ட்டுக்கு 14. பழைய மொரிஸ் மைனர் வைத்திருக்கிற பெரியவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுடையது அங்குலக் கணக்கு, மேலே சொன்னது எதுவும் பொருந்தாது.

என் யோசனை இதுதான்: சாதாரண செட்டுக்குத் தைவான் சாமான், கிங் டோனி அல்லது டொப்டுல். கைக்கு எட்டாவிட்டால் இங்கோ, டோட்டல் போன்ற சீனப் பெட்டியே வீட்டு வேலைக்குப் போதும். இந்திய பிராண்டான டபாரியாவில் ரிங் ஸ்பனரும் குறடும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், முரட்டுச் சாமான், அழகு குறைவு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பழைய சாமான்களுக்குள் கேடிசி, டோன் முத்திரையோடு ஸ்பனர் கண்டால் துருவைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். வாய் விரியாமல் இருந்தால் புதுச் சீனச் செட்டை விட அது மேல்.

மிச்சப்படுத்திய காசை மூன்று இடத்தில் போடுங்கள். பிரேக் பைப் நட்டைக் கழற்ற 10 எம்.எம். ஃபிளேர் நட் ஸ்பனர் (பைப் நுழைய ஒரு வெட்டு விட்டு நட்டைச் சுற்றிப் பிடிக்கிற ஸ்பனர்) ஒன்று, நல்லதாக. அந்த நட் மெல்லிய உருப்படி, ஓப்பன் ஸ்பனர் வழுக்கினால் மூலை மழுங்கிவிடும், பிறகு பைப்போடு மாற்ற வேண்டியதுதான். அடுத்தது ஜப்பான் ஸ்குருவுக்கான ட்ரைவர், வெசல் போல. ஸ்குருத் தலையில் சின்னதாக ஒரு புள்ளி குத்தியிருந்தால் அது ஜப்பான் வெட்டு. சாதாரண நட்சத்திர ட்ரைவர் அதில் முழுக்க இறங்காமல் மேலே ஏறித் தலையைத் தின்றுவிடும். ஹொண்டாக்காரர்களுக்குப் பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கிற ஸ்குருக்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மூன்றாவது டோர்க் ரென்ச், சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவுகிற ரென்ச். விட்ஸின் சக்கர நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர். குழாயைச் செருகி ஏறி மிதித்து இறுக்குகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை வாசிக்கட்டும். வேலை முடிந்ததும் டோர்க் ரென்ச்சை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள், நட் கழற்றுவதற்கு அதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

வாகனத்துக்குக் கீழே படுப்பதாக இருந்தால் ஜாக்கை நம்ப வேண்டாம். ஸ்டாண்ட் இரண்டு கட்டாயம்.

கடைக்குப் போகும்போது 12 தலையுள்ள புது போல்ட் ஒன்றைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். சொக்கட்டை அதில் மாட்டி ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் வைத்துவிடுங்கள். சொக்கட்டின் வாயை வெளிச்சத்துக்குப் பிடித்தால் சுவர் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு என்பது தெரிந்துவிடும். பன்னிரண்டு மூலை வேண்டாம், ஆறு மூலை எடுங்கள், துருப்பிடித்த போல்ட்டுக்கு அதுதான் பிடி. சொக்கட்டைத் திருப்புகிற ரெச்சட்டில் 72 பல் என்றால் ஐந்து பாகை அசைத்தாலே அடுத்த பல் பிடிக்கும், 24 பல்லுக்குப் பதினைந்து பாகை வேண்டும். விட்ஸின் எஞ்சின் அறையில் அந்தப் பத்துப் பாகைக்குள் கை நசுங்கும்.

எங்கள் ஊரில் இன்னொரு விஷயம், உப்புக் காற்று. கொழும்பில் பத்து வருசம் மினுங்குகிற குரோம் பூச்சு நிலாவெளிப் பக்கத்து வீட்டில் பொருமி உரியும், உரிந்த விளிம்பு பிளேட் மாதிரிக் கையைக் கிழிக்கும். ஒயில் துணியால் துடைத்து மூடி இறுகுகிற பெட்டியில் வையுங்கள், மாரி காலத்தில் கட்டாயம். துணிப்பை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அது வேண்டாம்.

ஒயில் ஃபில்டர் கழற்றுகிற கப்பை மட்டும் யாருடைய பேச்சையும் கேட்டு வாங்காதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான். அடுத்த முறை கராஜில் மாற்றும்போது பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கி வைத்து, கடையில் அதன் மேலேயே மாட்டிப் பார்த்து எடுங்கள்.