இதய அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும் பேத்தி: துணைக்கு இருப்பவர் என்னவெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

கேள்வி: என் மகளின் மூன்று மாதப் பெண் குழந்தைக்கு, இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே இருந்த பெரிய ஓட்டையை நெஞ்சைத் திறந்து ஒட்டுப்போட்டு அடைத்திருக்கிறார்கள். எடை 4.2 கிலோ. இன்னும் நான்கு நாளில் டிஸ்சார்ஜ். பாதிப் பாலை வாயால் குடிக்கிறாள், மீதி மூக்குக் குழாயில் போகிறது. ஃப்யூரோசமைட், ஸ்பைரனோலாக்டோன் (இரண்டும் சிறுநீர் பிரியவைப்பவை), கேப்டோபிரில் (இதயத்தின் சுமையைக் குறைப்பது) என்று மூன்று மருந்துகள். மகளும் மருமகனும் குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறார்கள். ஆறு வாரம் அவர்களோடு தங்கப்போகிறேன். நானும் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள்தான், ஆனால் இது வேறு மாதிரி இருக்கிறது. நான் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

பதில்: அம்மா, உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: டிஸ்சார்ஜுக்கு இன்னும் நான்கு நாள் மிச்சம். அந்த நான்கு நாளும் நீங்கள் வார்டில் இருக்க வேண்டும், வீட்டைத் தயார் செய்துகொண்டிருக்கக் கூடாது. குழாயில் பால் விடுவது, மருந்து அளப்பது, மூச்சு நின்றால் முதலுதவி செய்வது ஆகிய மூன்றையும் மகள், மருமகன், நீங்கள் என மூவரும் நர்ஸ் முன்னிலையில் உங்கள் கையாலேயே செய்து காட்டுங்கள். ஒருவர் கற்றுக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தரலாம் என்று விடாதீர்கள். எல்லாம் தெரிந்தவர் மகள் மட்டும்தான் என்றால், அவளால் ஒரு இரவுகூடத் தூங்க முடியாது.

முதலுதவிப் பயிற்சியில் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: நெஞ்செலும்பு இப்போதுதான் தைக்கப்பட்டிருக்கிறதே, அதன் மேல் அழுத்தலாமா? குழந்தை அசைவில்லாமல், மூச்சில்லாமல் கிடந்தால் அழுத்தத்தான் வேண்டும். நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 4 செ.மீ.; நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை; தனி ஆளாக இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். தையல் விடுமோ என்ற பயத்தில் தயங்கும் நொடிகள்தான் ஆபத்து.

அடுத்து, வார்டைவிட்டுக் கிளம்பும் முன் மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: குழந்தை தூங்கும்போது மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, டிஸ்சார்ஜ் அன்றைய எடை. வீட்டில் நீங்கள் பார்க்கப்போகும் எல்லாவற்றையும் இவற்றோடுதான் ஒப்பிட வேண்டும். பொதுவான அட்டவணை ஓரளவுக்குத்தான் உதவும். இந்த வயதில் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால் அதிகம் என்று அட்டவணையில் இருக்கும். உங்கள் பேத்தி தூக்கத்தில் வழக்கமாக 38 தடவை மூச்சு விடுபவள் என்று வைத்துக்கொள்வோம். இன்று இரண்டு தடவை எண்ணியும் 48 வருகிறது. அட்டவணைப்படி அது சாதாரணம். அவளுக்கு அது சாதாரணம் அல்ல, போன் செய்ய வேண்டிய எண். ஆக்சிஜனும் அப்படியே. ஓட்டை முழுமையாக அடைக்கப்பட்ட குழந்தைக்கு 95 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்ப்போம். அதே வார்டில், செயற்கைக் குழாய் வைத்து ரத்த ஓட்டம் திருப்பிவிடப்பட்ட இன்னொரு குழந்தைக்கு 75 முதல் 85 வரைதான் சரியான அளவு. ஆகவே பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லும் எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

மூச்சை எண்ணும்போது வயிற்றைப் பாருங்கள். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கைக்குழந்தைகள் சில நொடி வேகமாக விட்டு, சில நொடி நிறுத்தி, மறுபடி விடுவார்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் தவறான எண் கிடைக்கும். அழும்போதும் பால் குடித்த உடனேயும் எண்ண வேண்டாம்.

தூக்குவது பற்றி. நெஞ்செலும்பு ஒட்டிக்கொள்ள ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, கைகளைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கவும் கூடாது. ஒரு கை தலைக்கும் தோளுக்கும் அடியில், இன்னொரு கை பிட்டத்துக்கு அடியில் கொடுத்து, அள்ளுவது போல எடுக்க வேண்டும். பிள்ளை வளர்த்த கைகளுக்குத்தான் இது கஷ்டம். பழக்கத்தில் கை தானாக அக்குளுக்குப் போகும். சட்டை முன்பக்கம் திறப்பதாக இருந்தால் கையை மேலே தூக்கி மாட்ட வேண்டியிருக்காது. தூங்கவைப்பது எப்போதும் மல்லாக்க. விழித்திருக்கும்போது குப்புறப் போடுவதை எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்திவையுங்கள். காரில் குழந்தை இருக்கையின் பட்டை தழும்பின் மேல் படுகிறதே என்று அதைத் தளர்த்தவோ, அடியில் துணியைத் திணிக்கவோ வேண்டாம். மெல்லிய சட்டை ஒன்று போதும், பட்டை இறுக்கமாகவே இருக்கட்டும்.

மேலே சொன்ன விதத்தில் மகளைத் தூக்கவைத்துவிடுங்கள். முதல் நாளே, நீங்கள் பக்கத்தில் நிற்க, அவள் பத்துத் தடவை தூக்கட்டும். அவளுக்காக நீங்கள் தூக்கிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் அவள் பயம் போகாது.

தையலைத் தினமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே நேரத்தில் பாருங்கள். போனில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால்தான் சிவப்பு பரவுகிறதா, வீங்குகிறதா என்று தெரியும். நீர் அல்லது சீழ் கசிவது, தையல் வாய் திறப்பது, குழந்தையைத் தூக்கும்போது நெஞ்செலும்பில் ‘கிளிக்’ என்று ஏதோ அசைவது போல் படுவது, இவை எதுவானாலும் அன்றே காட்ட வேண்டும். வடிகுழாய்கள் எடுத்த சின்னத் துளைகளையும் மறக்காதீர்கள், பலர் நடுக்கோட்டை மட்டுமே பார்ப்பார்கள். புண் முழுக்க மூடி, பொருக்கு உதிரும்வரை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். நீரில் அமிழ்த்த வேண்டாம். எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் தழும்பருகே போகக் கூடாது. ஆறிய பிறகும் ஒரு வருடம் அந்தத் தழும்பில் நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் கறுத்துப்போகாது.

இனிப் பால். உங்கள் ஆறு வாரத்தில் பாதிக்கு மேல் இதில்தான் போகும். பால் குடிப்பதுதான் இந்த வயதில் குழந்தை செய்யும் கடினமான வேலை. அரை மணிக்கு மேல் உறிஞ்சவைத்தால், உள்ளே போன சக்தியை அந்த உழைப்பே தின்றுவிடும், எடை ஏறாது. எனவே வாயால் 20 முதல் 30 நிமிடம், மீதியைக் குழாயில். ‘இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும்’ என்று இழுக்க வேண்டாம். நெற்றியில் வியர்வை, உறிஞ்சலுக்கு நடுவே மூச்சு வாங்குவது, பாதியில் அயர்ந்து தூங்குவது ஆகியவை அறுவைக்கு முன் அவளிடம் இருந்திருக்கும். அவை நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துவந்து மறுபடி தலைகாட்டினால் இதயம் சிரமப்படுகிறது என்று பொருள்.

ஒவ்வொரு முறையும் பால் விடும் முன், குழாயின் குறி மூக்கு நுனியில் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குழாயிலிருந்து சிரிஞ்சில் சில சொட்டு உறிஞ்சி, சோதனைத் தாளில் அமிலத்தன்மை எண் 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு மேல் காட்டினாலோ, சொட்டே வராவிட்டாலோ, குழாய் நுரையீரல் பக்கம் போயிருக்கலாம் என்றுதான் கொள்ள வேண்டும். பால் விடக் கூடாது. குழந்தையை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்துச் சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம். அமிலம் குறைக்கும் மருந்து கொடுத்தால் இந்த எண் மாறும், அதை நர்ஸிடம் கேட்டுவையுங்கள். குழாய் முழுசாக வெளியே வந்துவிட்டால் பதற வேண்டாம், அது உயிர் ஆபத்தல்ல. ஆனால் அடுத்த மருந்து நேரத்துக்குள் மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும்.

எடையை வெறும் உடம்போடு, பாலுக்கு முன், அதே தராசில், மருத்துவமனை சொன்ன இடைவெளியில் பாருங்கள். இந்த வயதில் நாளுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. ஒரு நாள் ஏறாவிட்டால் கவலையில்லை, மூன்று நாள் தொடர்ந்து நின்றால் சொல்லுங்கள். மாறாக, ஒரே நாளில் எடை தாவி ஏறி, கண் இமையும் பாதமும் உப்பியிருந்தால் அது சதை அல்ல, நீர். பவுடர் பால் சேர்க்கிறார்கள் என்றால், எடை ஏறட்டும் என்று நீங்களாக ஒரு கரண்டி கூட்டிப் போடாதீர்கள். அடர்த்தியான பால் நீர்ச்சத்தை வற்றவைக்கும், சிறுநீர் பிரியவைக்கும் மருந்தோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது. அழுகுரல் கரகரப்பாக இருந்து, பால் குடிக்கும்போது இருமினால் அதையும் சொல்லுங்கள். நெஞ்சு அறுவையின்போதோ, செயற்கை சுவாசக் குழாயாலோ குரல்நாண் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

மருந்தில் நடக்கும் பெரிய தவறு பெயரில் அல்ல, பாட்டிலின் அடர்த்தியில். ஃப்யூரோசமைட் திரவம் ஒரு மி.லி.யில் 10 மி.கி. என்றும் கிடைக்கும், 4 மி.கி. என்றும் கிடைக்கும். 4 மி.கி. கொடுக்க முதல் பாட்டிலில் 0.4 மி.லி., இரண்டாவதில் 1 மி.லி. வேண்டும். மாதக் கடைசியில் வேறு கடையில் வாங்கும்போது இது மாறிவிடும். ஆகவே சீட்டில் மி.கி., மி.லி. இரண்டையும் எழுதி வாங்குங்கள். புதுப் பாட்டில் வந்தால் பழைய பாட்டிலோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கரண்டியால் அளக்காமல், ஊசியில்லாத வாய்வழிச் சிரிஞ்சால் அளந்து கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விடுங்கள். பாட்டில் பாலில் கலந்தால் மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். மறந்துபோன வேளையை அடுத்த வேளையோடு சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்தவுடன் கக்கிவிட்டால் மறுபடி கொடுக்கும் முன் கேளுங்கள்.

இந்த மூன்று மருந்துகளோடு, காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுக்கும் இபுபுரூஃபன் சேரக் கூடாது, சிறுநீரகம் பாதிக்கப்படும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் மற்றக் குழந்தைகளைப் போல ‘நாளை பார்க்கலாம்’ என்று விடக் கூடாது. உள்ளே நீர் குறைந்துகொண்டிருக்கும்போது மருந்து நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நாளுக்கு ஈர நாப்கின் நான்குக்குக் கீழே போனால் அன்றே கூப்பிடுங்கள். மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அவர்கள் சொல்வார்கள்.

காய்ச்சல் தனிக் கதை. 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் முதலில் போன், பிறகுதான் பாராசிட்டமால். முன்கூட்டியே கொடுத்துவிட்டால் காய்ச்சல் மறைந்து, காரணம் மறையாமல் உள்ளேயே இருக்கும். புண்ணில் கிருமித்தொற்று ஒரு காரணம். இன்னொன்றைப் பலர் எதிர்பார்ப்பதில்லை: அறுவைக்குப் பின் ஒன்று முதல் ஆறு வாரத்துக்குள் இதயத்தைச் சுற்றியுள்ள உறை அழற்சி கொண்டு, அதற்குள் நீர் சேரலாம். காய்ச்சல், சிடுசிடுப்பு, பாலை மறுப்பது, வாந்தி என்று வரும். வாந்தியைப் பார்த்ததும் வயிற்றுக் கோளாறு என்று முடிவுகட்டிவிடுவார்கள், அங்குதான் ஏமாறுகிறோம். இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் ஒரு எக்கோ ஸ்கேனில் தெரிந்துவிடும் விஷயம் இது.

முதல் சில நாள் அவள் காரணமின்றி நடுங்கி, வியர்த்து, தும்மி, தூங்காமல் அழுதால், தீவிர சிகிச்சையில் கொடுத்த வலிநிவாரண மருந்துகள் குறைந்ததன் விளைவாகவும் இருக்கலாம். நீங்களாக முடிவு செய்யாமல் சொல்லுங்கள்.

தடுப்பூசியில் ஒரு கணக்கு. அறுவையில் ரத்தம், பிளாஸ்மா ஏற்றியிருப்பார்கள். அதிலுள்ள எதிர்ப்புப் பொருள் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளை வேலைசெய்யவிடாது. பொதுவாக ஆறேழு மாதம் தள்ளிப்போட வேண்டும். மூன்று மாதத்தில் அறுவை என்றால் அந்தத் தடை குழந்தைக்குப் பத்து மாதம் ஆகும்வரை. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி போடும் இடங்களில் இது குறுக்கே வரும். ரத்தம் ஏற்றிய தேதியை டிஸ்சார்ஜ் தாளில் எழுதச் சொல்லுங்கள். மற்ற ஊசிகளுக்கு இந்தத் தடை இல்லை. அவற்றைப் போடும் தேதியை மட்டும் இதய மருத்துவரிடம் கேளுங்கள். ஓட்டையை அடைத்த ஒட்டின் மேல் இதயத்தின் உட்சவ்வு படர ஆறு மாதம் ஆகும், அதுவரை பல் சார்ந்த சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

பெற்றோர்களைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் முதல் இரவிலேயே தொடங்க வேண்டியது இது. இரவைப் பங்கு போடுங்கள்: பத்து மணி முதல் இரண்டு மணி வரை நீங்கள், பிறகு மருமகன். மகளுக்கு ஒரே நீட்டில் நான்கைந்து மணித் தூக்கம் கிடைக்க வேண்டும். சளி, இருமல் உள்ள விருந்தாளிகளை வாசலோடு அனுப்பும் பொல்லாத வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவளால் முகம் முறிக்க முடியாது. ‘எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் அழுகிறாய்’ என்று மட்டும் கேட்காதீர்கள். வார்டு மானிட்டரின் சத்தம் காதில் கேட்பது, குழந்தை மூச்சு விடுகிறதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை தொட்டுப் பார்ப்பது எல்லாம் முதல் சில நாளில் இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் குறையாமல், நீங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்போதுகூட அவள் தூங்கவில்லை என்றால், அவளுக்கே சிகிச்சை தேவை. மருமகனையும் கேளுங்கள், அவர் சொல்ல மாட்டார்.

உதடு நீலமாவது, உடல் சாம்பல் நிறமாவது, முனகலோடு விலா உள்வாங்கி மூச்சு விடுவது, எழுப்பியும் விழிக்காமல் துவண்டு கிடப்பது, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனை வார்டுக்கு அல்ல, நேரே ஆம்புலன்ஸுக்கு அழையுங்கள். பதற்றத்தில் வார்த்தை வராது என்பதால் முதல் வாக்கியத்தை இப்போதே ஒரு தாளில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்: ‘இதய அறுவை முடிந்து இத்தனை நாளான மூன்று மாதக் குழந்தை, வழக்கமான மூச்சு இவ்வளவு, இப்போது இவ்வளவு.’ அதன் கீழே மருந்துகளின் பெயரும் மி.கி. அளவும் இருக்கட்டும்.