ஊரில் உறவு, அமெரிக்காவில் பாதுகாப்பு வேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டேன். பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதி) வேண்டுமாம். அப்பா, அம்மா, தம்பி தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். தம்பி அரசு ஊழியர். வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். மறுத்துவிடுவார்களா?

பதில்: உறவு வெளிநாட்டில் இருப்பதற்காக மட்டும் மறுப்பதில்லை. கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவு செய்ய 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ள 13 நெறிகளில் 'பி' நெறி வெளிநாட்டுச் செல்வாக்கைப் பற்றியது. அந்த உறவைப் பிடித்து யாராவது உங்களை நெருக்க முடியுமா என்பதே அதன் கேள்வி. எந்த நாடு, உறவினர் என்ன வேலை பார்க்கிறார், நீங்கள் எவ்வளவு நெருக்கம் என்று பார்ப்பார்கள்.

"அம்மாவிடம் அதிகம் பேசுவதில்லை" என்று வாதாட வேண்டாம். பெற்றோர், உடன்பிறந்தோர் மீது பாசம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்வார்கள். மாமனார் மாமியாருக்கும் அப்படித்தான். அதைவிட, அமெரிக்காவில் உங்கள் வேர் எவ்வளவு ஆழம் என்று காட்டுங்கள்: குடும்பம், வீடு, சேமிப்பு, வேலை பார்த்த ஆண்டுகள். ஊரில் உள்ள சொத்து அதோடு ஒப்பிட்டால் சிறிது என்றால் அதையும் கணக்கோடு சொல்லுங்கள்.

கிளியரன்ஸுக்காக நிரப்பும் எஸ்.எஃப்-86 படிவத்தில் 18-ம் பிரிவு உறவினர்களுக்கு. தம்பியின் துறை, பதவி, எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுகிறீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். 19-ல் கடந்த 7 ஆண்டுகளில் நெருக்கமாக இருந்த வெளிநாட்டவர்கள். அத்தை மகன், கல்லூரித் தோழன் எல்லாம் இங்கேதான். 20-ல் சொத்து, வங்கிக் கணக்கு, பண உதவி, பயணம். பலர் கோட்டைவிடுவது இந்தப் பிரிவில்தான்: மறந்துபோன என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் வாழ்வோர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு), பூர்வீக வீட்டில் வரப்போகும் பங்கு, பாஸ்போர்ட் முத்திரையோடு பொருந்தாத பயணத் தேதி. அனுப்பிய பணத்தை ஆண்டுவாரியாகக் கூட்டி வையுங்கள். நேர்காணலில் விசாரணை அதிகாரி இவற்றைத் திரும்பக் கேட்பார். தம்பியின் அரசு வேலையை விளக்கிச் சமாளிக்கலாம். மறைத்தால் அது நேர்மைப் பிரச்சினையாகிவிடும். தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறை.

கேள்வி: ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இரட்டைக் குடியுரிமையா? திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

பதில்: இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றதுமே, 1955-ம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. ஓ.சி.ஐ.யில் வாக்குரிமை கிடையாது. கார்டு இருப்பதைச் சொன்னால் போதும். ரத்து செய்யாத பழைய இந்திய பாஸ்போர்ட்தான் ஆபத்து. அதை ஒப்படைத்து, சரண்டர் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

இலங்கைத் தமிழர்கள் நிலை வேறு. அங்கே அனுமதி பெற்று இரட்டைக் குடியுரிமை வைத்துக்கொள்ளலாம். வேறு நாட்டின் மீதான சார்பைப் பற்றிய 'சி' நெறிப்படி அது மட்டுமே தடை ஆகாது. ஆனால் எஸ்.எஃப்-86 படிவத்தின் 10-ம் பிரிவில் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்குள் வரவும் போகவும் அமெரிக்க பாஸ்போர்ட்டையே காட்ட வேண்டும்.

கேள்வி: கிளியரன்ஸை ஏன் மறுக்க நினைக்கிறார்கள் என்ற காரணங்கள் அடங்கிய அறிக்கை வந்துவிட்டது. இனி?

பதில்: ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு 20 நாள் அவகாசம். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக 'ஆம்', 'இல்லை' என்று பதில் எழுதி, நீதிபதி முன் விசாரணை கேளுங்கள். காகிதத்தை மட்டும் வைத்துத் தீர்க்கச் சொன்னால், உங்களை நேரில் பார்த்து எடைபோடும் வாய்ப்பு அவருக்குப் போய்விடும். சந்தேகம் மிஞ்சினால் முடிவு நாட்டுப் பாதுகாப்பின் பக்கம்தான்; அதனால் சான்று கொண்டுவரும் பொறுப்பு உங்களுடையது.