கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன்: கோலாலம்பூர் பெற்றோருக்கான கேள்வி பதில்

கணினிப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறேன். செந்தூல், கெப்போங் பக்கத் தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோரிடம் பேசுவதும் உண்டு. அங்கே வந்த கேள்விகளில் சில.

கேள்வி: அக்கா, மகன் நான்காம் ஆண்டு. ரோப்லோக்ஸில் யாரோ ஓர் ‘அண்ணன்’ இலவசமாக ரோபக்ஸ் (அந்த விளையாட்டில் செலவழிக்கும் பணம்) தருகிறேன், வாட்ஸ்அப் நம்பர் கொடு என்று கேட்டானாம். இவன் கொடுக்கவில்லை. விளையாட்டையே அழித்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம். கேட்டவுடன் உங்களிடம் வந்து சொன்னானே, அதற்குப் பாராட்டுங்கள். சொன்னதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டான்.

இந்த ‘அண்ணன்’கள் பேசும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில், “நீ நல்லா விளையாடுற.” அப்புறம் வயது, பள்ளி. அப்புறம், “பக்கத்துல அம்மா இருக்காங்களா?” கடைசியில், “இங்க வேணாம், வாட்ஸ்அப்புக்கு வா.” விளையாட்டுக்குள் எழுதுவதை நிறுவனம் ஓரளவாவது வடிகட்டுகிறது. வெளியே இழுத்துவிட்டால் கேட்பாரில்லை. வேறு இடத்துக்குக் கூப்பிட்டாலோ, வீட்டில் சொல்லாதே என்றாலோ உடனே உங்களிடம் வர வேண்டும் என்று பழக்குங்கள். ‘தெரியாதவர்களிடம் பேசாதே’ என்பது குழந்தைக்கு ஒன்றும் புரியாத அறிவுரை. தினமும் சேர்ந்து விளையாடுகிறவனை அவன் தெரியாதவனாகவே நினைப்பதில்லை.

உங்கள் பெயரில் பெற்றோர் கணக்கு திறந்து மகன் கணக்கோடு இணைத்துவிடுங்கள். யாரோடு பேசலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை உங்கள் கைப்பேசியிலிருந்தே கட்டுப்படுத்தலாம். பிறந்த ஆண்டையும் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் அண்ணன் அக்காவின் வயதைப் போட்டுத்தான் கணக்கைத் திறக்கிறார்கள்.

கேள்வி: நேரில் சந்திக்கவே இல்லை என்றால் போலீஸ் புகாரை எடுக்குமா?

பதில்: எடுக்க வேண்டும். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-இல் வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோருக்கும் பொருந்தும். தவறான நோக்கத்தோடு பிள்ளையிடம் பேசிப் பழக்குவதே குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. முதலில் பேச்சையும் அவனுடைய கணக்குப் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு பிளாக் செய்யுங்கள். பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போகிறவர்கள் அதிகம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் தாலியான் காசே உதவி எண் 15999-க்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.

கேள்வி: அண்ணன் மகனுக்குப் பதினைந்து வயது. இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் என்று நம்பி அந்தரங்கப் படம் அனுப்பிவிட்டான். இப்போது 500 வெள்ளி கொடு, இல்லாவிட்டால் உன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டல். கொடுத்துத் தொலைத்துவிடலாமா?

பதில்: ஒரு காசும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்து ஆயிரம் கேட்பான். எதிரில் இருப்பது பெரும்பாலும் பெண்ணே இல்லை, இதையே தொழிலாக நடத்தும் கும்பல்.

இன்று இரவு அந்தப் பையனைத் தனியாக விடாதீர்கள். திட்டுவதெல்லாம் பிறகு. உலகம் முழுக்க இப்படி மிரட்டப்பட்ட பையன்கள் சிலர் சில மணி நேரத்துக்குள் உயிரை விட்டிருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். “உன் மேல் தப்பில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று அப்பா வாயால் சொல்லட்டும்.

‘டேக் இட் டவுன்’ என்றொரு இலவசச் சேவை இருக்கிறது, 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே பண மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். இன்னொன்று, ஆதாரம் என்று அந்தப் படத்தைச் சித்தப்பா, மாமா என்று யாருக்கும் அனுப்பாதீர்கள். சிறார் படத்தைப் பரப்புவதும் அதே சட்டத்தில் குற்றம். அவன் கைப்பேசியையே போலீஸிடம் காட்டுங்கள்.

கேள்வி: மகள் முதலாம் படிவம். அவளுக்குத் தெரியாமல் வாட்ஸ்அப்பைப் படிக்கலாமா?

பதில்: தெரிந்தே படியுங்கள். “வாரத்தில் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்” என்று கைப்பேசி வாங்கிக் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். திருட்டுத்தனமாகப் பார்த்தது தெரிந்தால் இன்னொரு கணக்கு திறப்பாள். அதை நீங்கள் கண்டுபிடிக்கவே முடியாது.

கேள்வி: எந்த வயதில் கைப்பேசி?

பதில்: வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமுக்கு அவர்களே வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 13. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு டியூஷன் முடிந்தால் கூப்பிட ஒரு சாதாரண பட்டன் போன் போதாதா? என்னைக் கேட்டால் போதும்.

கேள்வி (ஒரு தாத்தா): பேத்தி படத்தை ஃபேஸ்புக்கில் போடவே கூடாதா அம்மா?

பதில்: போடுங்கள் ஐயா. சீருடையில், பள்ளிச் சின்னமும் பெயர்ப்பட்டையும் தெரிகிற படம் மட்டும் வேண்டாம். அதில் பெயர், பள்ளி, கிட்டத்தட்ட வயது மூன்றும் ஒருவனுக்குச் சும்மாவே கிடைத்துவிடும். பின்னால் கார் நம்பர், வீட்டு எண் இருந்தால் வெட்டிவிட்டு, ‘நண்பர்கள்’ மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். பேத்தியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எண்ணெய் வழியும் தலையோடு எடுத்த படம் அவளுக்கு நிச்சயம் பிடித்திருக்காது.