கேள்வி நேரம்: சின்ன விமானம், சின்னப் பை

தனியார் விமானி உரிமத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன். செஸ்னா 152. அடுத்த மாதம் தனியாக கிராஸ் கன்ட்ரி, அதாவது வேறு ஊர் விமானதளத்துக்குப் பறப்பது. விமானிகளுக்கென்று விற்கிற சாமான்களைப் பார்த்தால் மூட்டை கட்ட வேண்டும் போலிருக்கிறது. எதை முதலில் வாங்குவது? – மதுரை வாசகர்

ஃப்யூயல் டெஸ்டர். எரிபொருளில் தண்ணீர் இருக்கிறதா என்று பிடித்துப் பார்க்கும், குச்சி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் கோப்பைதான். கிளப்பில் ஒன்று இருக்கும், ஆனால் வேண்டிய நேரத்தில் அது வேறு விமானத்தில் கிடக்கும். ஆகவே சொந்தமாக ஒன்று.

காலையில் விமானத்தை அசைப்பதற்கு முன்பே, இரண்டு இறக்கைத் தொட்டிகளிலிருந்தும் எஞ்சினுக்கு அடியில் உள்ள ஸ்ட்ரெய்னரிலிருந்தும் (எரிபொருள் வடிகட்டி) பிடித்துப் பாருங்கள். நாளைக்கு இதைவிடப் பெரிய செஸ்னா 172எஸ் ஓட்டப் போனால் அதில் 13 வடிகால்கள் உண்டு. அலுப்பாக இருந்தாலும் 13-ஐயும் பார்க்க வேண்டும். பெட்ரோல் போட்ட பிறகு மறுபடி ஒருமுறை. போட்ட கையோடு பிடித்தால் கலங்கிய தண்ணீர் இன்னும் அடியில் இறங்கியிருக்காது. கால் மணி நேரமாவது விடுங்கள்.

கோப்பைக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். 100எல்எல் அவ்காஸ், அதாவது சின்ன விமானங்களுக்கான பெட்ரோல், வெளிர்நீலம். தண்ணீர் இருந்தால் கீழே முத்து முத்தாக உருளும், இல்லையென்றால் நடுவில் ஒரு கோடு தெரியும். ஏமாறுவது எங்கே என்றால், கோப்பை முழுக்கவே தண்ணீராக இருக்கும்போது. கோடும் இல்லை, முத்தும் இல்லை, ‘சுத்தமாக இருக்கிறதே’ என்று தோன்றிவிடும். அதனால் கோடு இல்லை என்பது மட்டும் போதாது. நீலம் தெரிய வேண்டும், பெட்ரோல் வாடை வர வேண்டும். ஜெட் எரிபொருள் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அதே தாளில் ஒரு சொட்டு விடுங்கள். அவ்காஸ் ஆவியாகித் தடமில்லாமல் போய்விடும். ஜெட் எரிபொருள் வடை வைத்த காகிதம் மாதிரி எண்ணெய் வட்டம் விடும்.

தண்ணீர் வந்தால் இறக்கையை மெதுவாக ஆட்டிவிட்டு, சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்ப வடியுங்கள். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் பறக்கவே வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்து மழைநீர் இறங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டவெளியில் நிற்கும் விமானங்களில் மூடியை முதலில் பாருங்கள்.

அடுத்தது டிப்ஸ்டிக், தொட்டிக்குள் விட்டு எரிபொருளை அளக்கும் குச்சி. செஸ்னாவின் எரிபொருள் முள்ளை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. உங்கள் விமானத்துக்கென்று அளவு குறித்த குச்சிதான் பேசும், அதுவும் சமதரையில் நிற்கும்போது மட்டும்.

மூன்றாவது பிட்டோ உறை. வேகமானிக்காக எதிர்க்காற்றை வாங்கும் குழாய்தான் பிட்டோ. விமானத்தோடு வந்த உறை தொலைந்திருந்தால் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்க் குளவிக்கு அந்தக் குழாய் அளவெடுத்துச் செய்த வீடு. 1996 பிப்ரவரி 6-ம் தேதி டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய பிர்ஜென்ஏர் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அடைபட்ட பிட்டோ குழாயால் வேகமானி பொய் சொன்னதுதான் தொடக்கம். உறை போடாமல் நின்ற நாட்களில் உள்ளே குளவி கூடு கட்டியிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. உறையில் நீளமான சிவப்பு நாடா இருக்கட்டும். கழற்றாமல் கிளம்பினாலும் வேகமானி வேலை செய்யாது. ஓடுபாதையில் முள் எழும்பவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

எடை? 152-ல் அதிகபட்சம் 757 கிலோ. விமானமே 515 கிலோ என்று வைத்தால், 80 கிலோ ஆள் இரண்டு பேரும் நிறைதொட்டியும் (93 லிட்டர், சுமார் 67 கிலோ) போக மிஞ்சுவது 15 கிலோ. தனியாகப் போகும்போது எடை பிரச்சினையில்லை. பொருள் எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. உருண்டோடும் தண்ணீர் பாட்டில் ரட்டர் (வால் சுக்கான்) மிதிக்கு அடியில் போய்ச் சிக்கும். சின்னப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டிவிடுங்கள்.

ஐபேடில் வரைபடம் வைத்துப் பறக்கிறேன். போன மே மாதம் நடுவானில் ‘சூடாகிவிட்டது’ என்று அணைந்தேவிட்டது. வேறு நல்ல டேப்லெட் உண்டா? – சென்னை வாசகர்

வேறு வாங்கினாலும் இதே கதைதான். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வேலை வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. சென்னையில் மே மாதம் நிழலிலேயே அதைத் தாண்டுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் கேட்கவே வேண்டாம். கெட்டியான உறையைக் கழற்றுங்கள். டேஷ்போர்டின் மேல் வைக்காமல் தொடையில் வையுங்கள். பறக்கும்போது சார்ஜ் போட்டால் சூடு கூடும், ஆகவே நிறைத்துக்கொண்டு கிளம்புங்கள். விமானத்தின் காற்றுத் துளையை ஐபேடின் பின்பக்கம் படும்படி திருப்பிவிடலாம். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது; பழைய ஐபேட் வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அணையும். அதனால் வழித்தடம், திசை, நேரம், அலைவரிசைகள் எழுதிய ஒரே ஒரு தாள் நீபோர்டில் (தொடையில் கட்டும் எழுது பலகை) இருக்க வேண்டும். ஏடிசி எண்ணும் (வான்பாதுகாப்பு அனுமதி) எஃப்ஐசி எண்ணும் (பறத்தல் தகவல் மையம் தருவது) அதன் உச்சியில். பேனா இரண்டு, ஒன்றை நூலில் கட்டிவிடுங்கள். கீழே விழுந்த பேனாவைக் குனிந்து தேடுவது நிலத்தில் சாதாரணம், இறங்கும் நேரத்தில் ஆபத்து.

கையடக்க ரேடியோ, செயற்கைக்கோள் மெசேஜ் கருவி இரண்டும் அவசியம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்கள். வாங்கலாமா? – கோவை வாசகர்

அங்கே சரி. இந்தியாவில் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியோ மெசேஜ் கருவியோ வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்து மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகள் உண்டு. விமான அலைவரிசை ரேடியோவுக்கும் உரிமம் வேண்டும். கிளப்பின் பெயரில் உரிமத்தோடு ஒன்று இருந்தால் அதை எடுத்துப் போங்கள். ஹெட்செட்டை அதில் மாட்டும் அடாப்டரையும் சேர்த்து. எஞ்சின் சத்தத்தில் அதன் குட்டி ஸ்பீக்கர் கேட்காது.

எதுவும் இல்லையென்றால், காசில்லாத மாற்று ஒன்று உண்டு: டவரின் விளக்குச் சைகைகளை எழுதிய அட்டை. ரேடியோ செத்தால் டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு எண் சொல்லும் கருவி) ரேடியோ பழுதுக்கான 7600 வைத்துவிட்டு டவரைப் பாருங்கள். நிலையான பச்சை, இறங்கலாம். விட்டு விட்டுப் பச்சை, இறங்குவதற்குத் திரும்பி வா. நிலையான சிவப்பு, மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. விட்டு விட்டுச் சிவப்பு, இங்கே இறங்காதே. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது பதற்றத்தில் நினைவுக்கு வராது.

பனிக்காலத்தில் ஹீட்டர் போட்டுப் பறக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு ஒட்டும் அட்டை போதுமா? – டொராண்டோ வாசகர்

போதாது. ஹீட்டர் காற்று, புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் போய்தான் சூடாகி வருகிறது. அந்தக் குழாயில் மயிரிழை விரிசல் போதும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். நிறம் மாறும் அட்டையை நீங்கள்தான் திரும்பிப் பார்க்க வேண்டும், ஆனால் வாயு முதலில் மழுங்கடிப்பது அந்தக் கவனத்தையே. பிரித்த சில மாதங்களில் அட்டை காலாவதியும் ஆகிவிடும்.

2019 ஜனவரி 21 அன்று கால்பந்து வீரர் எமிலியானோ சாலா போன பைப்பர் மாலிபு ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவருடைய ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபின்) 58 சதவீதம். சத்தமிட்டு எச்சரிக்கும் கருவி அந்த விமானத்தில் இருக்கவில்லை.

மின்னணுக் கருவியே வாங்குங்கள்: அளவை எண்ணில் காட்டுவது, ஹெட்செட்டைத் தாண்டி உறைக்கும்படி பளிச்சிடும் விளக்கோ அதிர்வோ உள்ளது. கண் மட்டத்தில் மாட்டுங்கள், காற்றுத் துளைக்கு நேராக வேண்டாம். அலறினால் ஹீட்டரை மூடுங்கள், வெளிக்காற்றைத் திறங்கள், பக்கத்து விமானதளத்தில் இறங்குங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்துச் சமாதானம் அடைய வேண்டாம். கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் ஆக்சிஜன் என்றே எண்ணி அது 97, 98 காட்டும். தலைவலி இருந்தால் ரத்தப் பரிசோதனைதான் வழி.

அண்ணனுக்கு விமானி உரிமம் கிடைத்திருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் என்ன பரிசு கொடுக்கலாம்? – திருச்சி வாசகி

கூலிங் கிளாஸ் என்றால் சாம்பல் நிறம், போலரைஸ்டு மட்டும் வேண்டாம். எல்சிடி திரைகள் அதில் கறுத்துப்போகும். நெற்றியில் மாட்டும் டார்ச் நல்லது, வெள்ளை வெளிச்சமும் இருக்க வேண்டும். வெறும் சிவப்பில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும். அண்ணனின் ஹெட்செட் பேட்டரியில் ஓடுவதென்றால் ஏஏ செல் ஒரு பாக்கெட்டும் போடுங்கள்.

மீதிக் காசுக்கு மெத்தென்ற பருத்தித் துணிகள். விமானத்தின் முன்கண்ணாடி கண்ணாடியே அல்ல, அக்ரிலிக். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் அமோனியா ஸ்பிரே பட்டால் மயிரிழை விரிசல் விடும். நிறையத் தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, மேலிருந்து கீழாகத் துடைப்பது. வட்டமாகத் தேய்த்தால் அந்தக் கீறல்கள் மாலை வெயிலில் எதிரே வளையமாக மின்னும்.